பதினெட்டிலிருந்து முப்பத்தொன்று வரை

ஓங்கிய கோடரி இறங்கும்வரை
அவனை யாரும் நிறுத்த முடியாது.
அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
பதினெட்டாம் பிரேமில் கவசம் ஏறும்
முப்பத்தொன்றில் கழரும்.
இடையில் அம்பு படலாம், ஈட்டி படலாம்,
மூன்று பேர் சேர்ந்து முதுகில் வெட்டலாம்.
உயிர்க்கோடு குறையும்.
கால் பின்வாங்காது.

மாங்குளம் சந்தியில்
சீமெந்தும் முள்ளுக்கம்பியும் விற்கும் கடைக்கு மேலே
என் அறை. ஒரு கணினி. ஒரு மேசை விசிறி.
கொன்ட்ரோலர் ஒன்று,
தொடாமலே வடக்கே இழுக்கும்.

வாகீசன் ஆடிப்பார்க்க வருவான்.
பகலில் வெட்டு மெசின் ஓட்டுகிறவன்,
காதோரம் உமித்தூசியோடு.
"இவன் மரக்கட்டை" என்றான் முதல் நாளே.
"அடி விழுது. உயிர் குறையுது.
இவனுக்கு அது தெரியேல்ல.
தெரியாதவன் தாங்கிறதில என்ன கிடக்கு?"

அசைந்தால் வெட்டு முறியும் என்றேன்,
முறிந்தால் அவனும் மற்றவர்களைப்போல
ஒரு தட்டுக்கு ஒருதரம் விழுவான்.
"விழச் சொல்லேல்லையே" என்று
கீழே போய் ரொட்டி வாங்கிவந்தான்.

மூன்று கிழமை இதிலேயே போனது.
தோளை ஒரு விரற்கடை ஆட்டினேன்:
உருவந்தவன் மாதிரி.
உடம்பை வெள்ளையாக மின்னவைத்தேன்:
கலியாண வீட்டு பல்ப்.
ஓர் உறுமல், என் குரலிலேயே பதிந்து போட்டேன்.
வாகீசனுக்குப் புரைக்கேறி
ரொட்டித்துண்டு திரைவரைக்கும் பறந்தது.

மாசியில் ஓர் இரவு, பன்னிரண்டு தாண்டி, போன்:
"ஒலுமடுவுக்கு வெளிக்கிடு.
உன்ர ஆள் வந்து நிக்கிறார்."

வெட்டாத வயலில் ஆனை.
நாலைந்து டோர்ச் வெளிச்சம் அதன் விலாவில் ஊர்ந்தது.
கதிரை வேரோடு பிடுங்கி
முன்காலில் அடித்து மண் உதிர்த்து
வாய்க்குக் கொண்டுபோகும் பாதியில்
ஆனைவெடி காலடியில் விழுந்தது.

வயல் ஒருதரம் பகலாகி இருண்டது.
துதிக்கை நிற்கவில்லை.
எடுத்த பிடி வாய்க்குப் போய்ச்சேர்ந்தது.
காது மட்டும்,
விசிறிக்கொண்டேயிருந்த காது,
ஒருகணம் நின்று
பிறகு விசிறியது.

"கண்டியோ?"
கண்டேன்.

அடுத்தது
அது தின்று முடித்துச் சும்மா நிற்கையில் விழுந்தது.
அதே பெட்டியில் எடுத்த வெடி, அதே கை எறிந்தது.
ஆனை பிளிறி, திரும்பி,
இரண்டு வரம்பை உடைத்துக்கொண்டு
காட்டுக்குள் ஓடிற்று.
முப்பத்திரண்டு, என்றேன் வாய்க்குள்.

விடியப்போய்ப் பார்த்தோம்.
காலடிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது.
பக்கத்தில் ரத்தம், சொட்டுச் சொட்டாக.
ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து அல்ல,
நின்று தின்ற இடத்திலிருந்தே.

அன்று பின்னேரம்
கோடரிக்காரனின் மூச்சைத் திறந்தேன்.
மார்பு ஏறி இறங்குவதை
அடிபடும் இரண்டு பிரேமுக்கு மட்டும் நிறுத்தினேன்.
வேறொன்றும் தொடவில்லை.

வாகீசன் ஆடினான். செத்தான். ஆடினான். செத்தான்.
நல்லது, கூடாது ஒன்றும் சொல்லவில்லை.
"பாவம், தெரிஞ்சுகொண்டே வெட்டிறான்"
என்றான் ஐந்தாந்தரம் சாகும்போது.

வெளியே ஏ-நைன் ரோட்டில்
லொறி ரயர் வெடித்தது.
சந்தி முழுக்கத் திரும்பியிருக்கும்.
நான் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன்,
எழுத்துப்பிழைகூட இல்லை.

முடித்து, கையை எடுத்து, மடியில் வைத்தேன்.
கீழே கடைக்காரர் சட்டரை இழுத்தார்.
ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு இழுக்கிற அதே சட்டர்.
கதிரை சரிந்து கிடக்க
நான் சுவரோடு நின்றேன்.
தேத்தண்ணி விசைப்பலகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வாகீசன் அதைக் கவிழ்த்துப் பிடித்தான்,
சட்டைத்தலைப்பால் துடைத்தான்,
என்னைப் பார்க்காமல்.

"சேவ் பண்ணிட்டியோ?"
அவ்வளவுதான் கேட்டான்.